அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல்

எங்கள் அப்பா இறந்துபோன விஷயம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவைத் தவிர.

அண்ணன் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். "உளறாதடா. நான் செத்திருந்தா எனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை.

நம் நாட்டில் இப்போதெல்லாம் சாவது போன்ற சின்னக் காரணத்துக்காக ஒருவர் குடும்பத் தலைவர் பதவியிலிருந்து இறங்க வேண்டியதில்லை. மறைந்தோர் தொடர்ச்சிச் சட்டம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் தலையில் ஒரு தொப்பியை மாட்டி, உள்ளே இருப்பதையெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். வசதியானவர்கள் அந்தப் பிரதியைக் கடற்கரையோரக் குளிர்க் கூடங்களில் வாடகைக்கு வைக்கிறார்கள். பணக்காரர்கள் செத்த பிறகும் ஏசியில்தான் இருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டிலேயே சொந்தமாக மெஷின் கட்டி வைத்துக்கொள்ளலாம், அரசு தடுக்காது. ஒரே ஒரு சோதனை மட்டும் உண்டு. கத்திரி வெயிலில், உச்சி வேளையில், பிரதியின் எல்லா டிஸ்க்குகளும் ஒரு மணி நேரம் சூட்டில் தூங்கிவிடாமல் விழித்திருக்க வேண்டும். தேறினால் அவர் குடும்பத் தலைவர். ரேஷன் கார்டில் பெயர் நீடிக்கும், முழு ஓய்வூதியம் நீடிக்கும், வீட்டில் யார் எங்கே போவதென்றாலும் அவர் சம்மதம் வேண்டும். தேறாவிட்டால் அவர் வெறும் குரல். பதவி மனைவிக்குப் போகும்.

வேலூருக்குப் பக்கத்தில், நாலு பக்கமும் பாறை மலை சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு இந்தச் சோதனைக்கு ஆசைப்பட ஒரு துணிச்சல் வேண்டும். அண்ணன் குகனுக்கு அது இருந்தது. அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். செல்போனைத் திறந்து மூடத் தெரிந்தவனுக்கு அப்பாவைத் திறந்து மூடத் தெரியாதா?

எனக்கு வயது பதினேழு. பெயர் தெய்வானை. பத்தாவதோடு அப்பா என் படிப்பை நிறுத்திவிட்டார். பஸ் ஸ்டாப்பில் பையன்கள் நிற்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொன்னார்களாம். நிற்கிற பையன்களை நகர்த்த முடியாது என்பதால், நகர்கிற என்னை நிறுத்தினார். இந்த வருஷம் நானே விண்ணப்பித்து, திருச்சியில் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் சேரக் குடும்பத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அப்பா தேறினால் நான் வீட்டில், அப்பா தோற்றால் நான் திருச்சியில். இறந்துபோன அப்பா பரீட்சையில் பெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்ணைப் பற்றி நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் மனதுக்குள்தான் வேண்டிக்கொண்டேன். எனக்கு எதையுமே வெளியே சொல்கிற பழக்கம் இல்லை.

அண்ணன் மெஷினை எங்கள் பழைய மீன் தொட்டிக்குள் கட்டினான். மீன்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டன. அவற்றுக்குத் தொடர்ச்சிச் சட்டம் இல்லை. டிஸ்க்குகள் ஆறும் ஆம்பூர்ச் சந்தையில் வாங்கிய பழையவை. சோப்புக்கட்டி மாதிரி மூடிய கட்டிகள், உள்ளே சுழல்வது எதுவும் கிடையாது. ஒவ்வொன்றையும் முழுக்க அழித்து, எழுதி, படித்துச் சோதித்தான். அப்படியும் மூன்றாவதில் யாரோ ஒருவர் மிச்சம் இருந்தார். "உப்பு பத்தல," என்றார். மறுபடி அழித்தான். "இன்னும் பத்தல," என்றார். மூன்றாவது முறைதான் போனார். யார் வீட்டுத் தலைவரோ.

அப்பாவின் வாழ்க்கையை அண்ணன் ஆறு பங்காகப் பிரித்து, கீழிருந்து மேலாக அடுக்கினான். அடியில் குழந்தைப் பருவம், உச்சியில் கடைசி இரண்டு வருஷங்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சூடு மேலே ஏறும் என்பதை மட்டும் மறந்துவிட்டான். உச்சி டிஸ்க், போட்ட சில நிமிஷங்களிலேயே கொதித்துத் தூங்கிவிடும். அதில்தான் அப்பாவின் நோயும் ஆஸ்பத்திரியும் இருந்தன. புதிதாக எதைச் சொன்னாலும் அதில்தான் பதிய வேண்டும். எனவே அப்பாவுக்குத் தான் இறந்தது தெரியாது, சொன்னாலும் தங்காது.

"மாத்தி அடுக்கலாம்ல அண்ணா?" என்று கேட்டேன்.

"சீல் வச்சு நம்பர் பதிவு பண்ணியாச்சு. இனிமே பிரிச்சா விண்ணப்பமே செல்லாது," என்றான்.

வெயில் ஏற ஏற, மேலிருந்து ஒவ்வொரு டிஸ்க்காகத் தூங்கும். காலையில் அப்பா எனக்குப் பதினைந்து வயது என்று நினைத்துக்கொண்டு, "துப்பட்டாவை ஒழுங்காப் போடு" என்பார். அவருக்குக் கண் கிடையாது. ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். கண் இல்லாமலே துப்பட்டா தெரிந்தது. மதியம் இரண்டு மணிக்கு நான் மூன்றாம் வகுப்பு. "வாய்ப்பாடு சொல்லு பாப்பா," என்பார். சொல்லுவேன். எட்டாம் வாய்ப்பாட்டில் வேண்டுமென்றே தப்பு விட்டால் சிரிப்பார். மூன்று மணிக்கு மேல் நான் பிறந்திருக்கவே மாட்டேன். "யாரும்மா நீ? பச்சையம்மா சொந்தமா?" என்று அம்மா பெயரைச் சொல்லி மரியாதையாகக் கேட்பார். எனக்கு மிகவும் பிடித்த அப்பா அவர்தான்.

தொட்டிக்கு நேர் மேலே அவருடைய படம் மாலையோடு தொங்கியது.

"வேகுதுடி பச்சை," என்று மட்டும் எல்லா நேரத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சூட்டைத் தணிக்க அண்ணன் செய்யாதது இல்லை. டேபிள் ஃபேன் வைத்தான். அது சூடான காற்றை எடுத்து, கவனமாக அப்பா மேலேயே ஊதியது. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டினான்; ஈரத்தில் ஒரு ஒயர் துருப்பிடித்து அப்பா அரை நாள் திக்கிப் பேசினார். வாடகைக்கு ஏசி கொண்டுவந்தான். தெருவில் எல்லோரும் ஏசி போடும் நேரத்தில் கரண்ட் குறைந்து, அது கோழி மாதிரிக் கேறிவிட்டு நின்றது. ஒவ்வொரு தோல்விக்கும் நான் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு வேறு கருத்து இருந்தது.

"இன்னாத்துக்குடா இத்தினி செலவு? உங்கப்பாவுக்கு எப்பவுமே சூட்டு உடம்பு. வாரா வாரம் நல்லெண்ணெ தேச்சி உடுவேன். இப்ப மூணு மாசமா தலைல ஒரு சொட்டு இல்ல. வேகாம இன்னா பண்ணும்?"

"அம்மா, அது உடம்பு சூடு. இது மெஷின் சூடு."

"சூடுன்னா சூடுதான். அதுல இன்னா ஜாதி?"

"நீ அந்த ரூம் பக்கமே வராத," என்று கையெடுத்துக் கும்பிட்டான் அண்ணன்.

சோதனை நாள் சனிக்கிழமை. மதியம் வரை மெஷின் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அதை அணைத்து வைத்துவிட்டு, ஆய்வாளரை அழைத்துவர அண்ணன் பைக்கில் போனான். சனிக்கிழமை ஆண்களுக்கு எண்ணெய் தேய்க்கிற நாள் என்பதை யாரும் அம்மாவுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. மாமாவின் செக்கிலிருந்து ஊறுகாய்க்கு வந்த நல்லெண்ணெய் டின்கள் சமையலறையில் இருந்தன.

அம்மா ஒரு டின்னின் மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள்: "தெய்வு, இத்த ஊத்துனா மெஷினுக்கு எதுனா ஆவுமா?"

மின்சாதனத்தில் திரவம் ஊற்றினால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதாவது, தெரியும் என்று நினைத்தேன்.

"தெரியலம்மா," என்றேன்.

அத்தோடு நிற்கவில்லை. அடுத்த டின்னைத் தூக்கிக் கொடுத்ததும் நான்தான்.

தொட்டி விளிம்பு வரை நிறைந்தது. உச்சி டிஸ்க்கும் முழுகியது. அம்மா மேலே மிதந்த தூசியை ஒரு கரண்டியால் எடுத்துவிட்டு, "ஊறட்டும். அரமணி கழிச்சி சீயக்கா போட்டு அலசிடலாம்," என்றாள்.

நல்லவேளை, சீயக்காய்க்கு முன் அண்ணன் வந்துவிட்டான்.

அவன் போட்ட சத்தத்தில் ஆய்வாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். மெஹருன்னிசா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும். கையில் குடையும் ஒரு பெட்டியும். "உள்ள வரலாமா, இல்ல குடும்ப விஷயமா?" என்று கேட்டார்.

"மேடம், எங்கம்மா அப்பாவை எண்ணெய்ல போட்டுட்டாங்க!"

அவர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "செக்கு எண்ணெயா?"

"எங்கண்ணன் செக்குங்க," என்றாள் அம்மா பெருமையாக.

"எண்ணெய் ஊத்தக்கூடாதுன்னு விதியில எங்கயும் இல்ல. சீல் உடையல. போடுங்க, பாப்போம்."

அண்ணன் அழுகிற முகத்தோடு ஸ்விட்சைப் போட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். 'ஞ்' என்று ஒரு சின்ன இரைச்சல். பிறகு ஆறு பச்சை விளக்குகள், எண்ணெய்க்குள், மீன்கள் மாதிரி. அடியிலிருந்து உச்சி வரை ஆறும்.

ஆய்வாளர் சூடு காட்டும் கருவியைப் பார்த்தார், தட்டினார், மறுபடி பார்த்தார். "குளிர்க் கூடத்துல கூட இவ்வளவு நல்லா நான் பாத்ததில்ல," என்றார். "எண்ணெய்ல கரண்ட் பாயாது தம்பி. ஆனா சூட்டை நல்லா இழுத்துக்கும். நாள் கணக்குல வச்சா சிக்கு நாத்தம் அடிக்கும், அவ்வளவுதான்."

அம்மா அண்ணனைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. நான் திருச்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அதை என் கையாலேயே ஒரு டின் எண்ணெயில் முக்கியிருந்தேன்.

அப்பா பேச வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது.

"வயிறு வலிக்கல," என்றார்.

அம்மா தொட்டி அருகில் வந்து நின்றாள்.

"ஐ.சி.யூ.ல இருந்தேன். குழாய் போட்டிருந்தாங்க. நீ கால் பிடிச்சிட்டிருந்த. பச்சை, நான் போயிட்டேனா?"

"ஆமாங்க," என்றாள் அம்மா.

"எப்போ?"

"மாசி மாசங்க."

"பதினாறாம் நாள் காரியம் யார் பண்ணா?"

"குகன்தாங்க."

அண்ணன் பாதி வளர்ந்த தலைமுடியைத் தடவிக்கொண்டான்.

"எங்க ஆபீஸ்ல இருந்து வந்தாங்களா?"

"எல்லாரும் வந்தாங்க," என்றாள் அம்மா. வந்தது இரண்டு பேர். அதில் ஒருவர் வேறு வேலையாக இந்தத் தெருவுக்கு வந்தவர்.

அப்பா வேலை பார்த்தது சார்நிலைக் கருவூலத்தில். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை நேரில் வந்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். அதற்கு வாழ்நாள் சான்று என்று பெயர். அப்பா அதில் கறார். போனில் பேசினால் ஒப்புக்கொள்ள மாட்டார். மகன் சத்தியம் செய்தாலும் மாட்டார். ஊரில் பாதிப் பேருக்கு உயிரோடு இருக்கிறீர்கள் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

ஒரு மணி நேரம் ஓடியது. ஆய்வாளர் கேள்விகள் கேட்டார். பெயர் தணிகாசலம். பிறந்த நாள் சரி. மகன் சரி.

"மகள் வயது?"

"பதினேழு. ஆடியில பதினெட்டு," என்றார் அப்பா. அந்த மெஷினிலிருந்து என் வயது முதல் முறையாகச் சரியாக வந்தது. எனக்குச் சந்தோஷப்படத் தோன்றியது, நேரம்தான் சரியில்லை.

"ஐயா, நீங்க தேறிட்டீங்க," என்றார் ஆய்வாளர். "கடைசிக் கேள்வி. குடும்பத் தலைவராத் தொடர விருப்பமா?"

"எந்தச் சட்டத்துல கேக்கறீங்க?"

"மறைந்தோர் தொடர்ச்சிச் சட்டம்."

"அதாவது, மறைஞ்சவன்னு ஒப்புக்கிட்டுதான் கேக்கறீங்க."

"அப்படித்தான் ஐயா."

"சரி. வாழ்நாள் சான்று?"

"இந்தச் சோதனைதான் சான்று."

"மெஷின் சூடாகலன்னா ஆள் உயிரோட இருக்கான்னு அர்த்தமா? எங்க ஆபீஸ்ல ஒரு பிரிட்ஜ் இருந்தது. அதுவும் சூடாகாது. அதுக்கு நாங்க பென்ஷன் கொடுக்கல."

அண்ணன் குறுக்கே புகுந்தான். "அப்பா, ஆமான்னு மட்டும் சொல்லுங்கப்பா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"நீ சும்மா இரு. மேடம், உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

மெஹருன்னிசா தன் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "கேட்டிருப்பீங்க. எங்க அத்தா உருதுப் பள்ளி வாத்தியார், அப்துல் கவுஸ். பக்கவாதம். வர முடியாதுன்னு நான் வந்து கெஞ்சினேன். நேர்ல வரணும்னு சொல்லிட்டீங்க. நாற்காலியோட ரெண்டு பேர் மாடிக்குத் தூக்கிட்டு வந்தாங்க."



"படிக்கட்டு திரும்பற இடத்துல நாற்காலி இடிச்சிது," என்றார் அப்பா. "அவர் சிரிச்சார். நான் கீழ இறங்கி வந்து பாத்திருக்கலாம். விதியில அதுக்கு இடம் இருந்தது. கால் வலின்னு வரல."

"பழைய கதை ஐயா. விருப்பமா, இல்லையா?"

"அவர் வந்தாரும்மா. அந்த நிலைமையிலயும் நேர்ல வந்தார். நான் வரலையே." குரல் ஆபீஸ் குரலாக மாறியது. "எழுதிக்குங்க. விண்ணப்பதாரர் நேரில் ஆஜராகவில்லை. நிராகரிக்கப்படுகிறது."

"அப்பா! பென்ஷன் பாதியாயிடும்!"

"செத்தவன் பேர்ல முழு பென்ஷன் வாங்கினவன் மேல நான் கேஸ் போட்டிருக்கேன்டா. என் பேர்ல வாங்கி என்னையே கேஸ் போட வைக்கப்போறியா?"

அம்மா என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். எனக்கு வாய் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். "ஏங்க, இவ திருச்சில படிக்கணும்ங்கறா. ஆஸ்டல்ல சேரக் கையெழுத்து கேக்கறாங்க."

"எனக்குச் சம்மதம் இல்ல," என்றார் அப்பா உடனே. யோசிக்கக்கூட இல்லை.

அவர் செத்தும் மாறவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, எரிச்சலோடு மேலும் சொன்னார்: "ஆனா இதை எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? தலைவர் யாரோ அவங்களைக் கேளுங்க."

நான் ஹாஸ்டல் படிவத்தை எடுத்து வந்தேன். மெஹருன்னிசா பேனாவை அம்மாவிடம் நீட்டினார். அம்மா எண்ணெய்க் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, 'த. பச்சையம்மாள்' என்று எழுத்துக் கூட்டிப் போட்டாள். 'ள்' மேல் புள்ளி வைக்க மறந்து, பேனாவைத் திரும்ப வாங்கி வைத்தாள். தாளில் எண்ணெய்க் கறை பட்டது. எனக்கு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது அந்தக் கறையோடுதான்.

இங்கே கதையை முடித்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா எண்ணெயில் விழித்தபடியே இருந்தார். மதியம் ஆனாலும் நான் மூன்றாம் வகுப்பு ஆகவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டை அவர் கேட்கவில்லை. நாங்கள் சாப்பிட உட்காரும்போது, "என்ன குழம்பு?" என்று கேட்பார். "வத்தக் குழம்புங்க," என்பாள் அம்மா. அதற்குப் பிறகு பேச மாட்டார். தட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் தெரியும். யாரையும் அதட்டவில்லை, துப்பட்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒரு நாள், "பச்சை, அந்தத் தொப்பியை மாட்டறப்ப என்னை யாராவது கேட்டாங்களா?" என்றார். யாரும் கேட்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போனான்.

அன்றைக்கே அம்மா சொல்லிவிட்டாள். "குகா, எண்ணெய எட்த்துடு."

"எடுத்தா மறுபடி சூடாகும்மா."

"ஆவட்டும்."

"உச்சி டிஸ்க் தூங்கிடும். நடந்ததெல்லாம் அவருக்கு மறந்துடும். செத்ததும் மறந்துடும்."

"தெரியும்டா. எல்லாம் தெரிஞ்சிக்கினு தனியா உக்காந்துகினுக்கறாரு. பாக்க முடியல."

"மார்கழி குளிர்ல தானா முழிச்சிக்குவாரே?"

"அதுக்குக் கம்பளி வாங்கி வச்சிட்டேன்."

பிறகு தொட்டி அருகில் போய் உட்கார்ந்தாள். "ஏங்க, எண்ணெய எடுத்துடச் சொல்லட்டுங்களா? பழையபடி வேகும்."

அப்பா யோசித்தார். "தலைவர் முடிவுதானே," என்றார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

எண்ணெயை வடித்து, அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற வைத்துக்கொண்டாள் அம்மா. சாயங்காலமே, "துப்பட்டாவை ஒழுங்காப் போடு," என்று குரல் வந்தது. நான் போட்டேன்.

நான் கிளம்பியது மதிய பஸ்ஸுக்கு. சூட்கேஸ் சக்கரம் தரையில் உருண்டதும் அப்பா கேட்டார்: "யாரு வெளிய போறது?"

"பாப்பாங்க. கடைக்கு," என்றாள் அம்மா.

"தனியாவா? சில்லறை எண்ணி வாங்கிட்டு வரச் சொல்லு."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போன் பேசுகிறேன். ரேஷன் கடையில் அம்மாவைத் தலைவர் என்று கூப்பிடுகிறார்களாம். வீட்டில் அவள் எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் "சரிங்க" சொல்லிவிட்டு, தானே கையெழுத்துப் போடுகிறாள். பாப்பா எங்கே என்று அவர் கேட்கும்போதெல்லாம், கடைக்கு என்றே சொல்கிறாளாம். போன வாரம் நான் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"கடைக்குப் போனவ இன்னும் வரலையா?"

"கூட்டமா இருக்குதாங்க."

"இவ்ளோ நேரமா? வெயில் வேற கொளுத்துது. நான் போய்க் கூட்டிட்டு வரட்டா?"

அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. ஆனாலும் எனக்குக் கேட்டது.

"வேணாங்க," என்றாள். "நீங்க இருங்க."